விசாகப்பட்டினத்தில் காஸியின் தடம்: முதன்முறை தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது, டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில், பாகிஸ்தானின் காஸி என்ற நீர்மூழ்கிக் கப்பல் விசாகப்பட்டினத் துறைமுக வாயிலுக்கு வெளியே மூழ்கியது. உள்ளே இருந்த 93 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அது ஏன் அங்கே வந்தது என்பதில் இரு நாட்டுக்கும் சண்டை இல்லை. எப்படி மூழ்கியது என்பதில்தான் ஐம்பது ஆண்டு தாண்டியும் சண்டை ஓயவில்லை.

இதைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இணையத்தில் நாலு காணொளி பார்த்துவிட்டு, கடற்கரையில் நினைவுத்தூண் முன் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கதை மட்டுமே கைக்கு வரும். இடத்தை முதலில் பாருங்கள், அடுத்து கப்பலை, கடைசியில் காகிதத்தை. இந்த வரிசை மாறினால், ஒவ்வொரு நூலும் சொல்வதை அப்படியே நம்ப வேண்டிய நிலை வரும்.

கிளம்பும் முன்

சென்னையிலிருந்து ரயிலில் ஏறத்தாழ 780 கி.மீ. கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஹவுரா மெயில் இரண்டும் விசாகப்பட்டினம் நிலையத்துக்குள் போய்த் திரும்பும். வடக்கே போகும் சில ரயில்கள் ஊருக்குள் நுழையாமல் துவ்வாடாவில் நின்றுவிட்டுப் போய்விடும். சீட்டு எடுக்கும்போது இறங்கும் நிலையத்தின் பெயரைப் பாருங்கள். துவ்வாடாவில் இறங்கினால் கடற்கரைக்குப் போகவே ஒரு மணி நேரம் ஆகலாம்.

திங்கட்கிழமை போகாதீர்கள். குர்சுரா நீர்மூழ்கி அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. மற்ற வேலைநாட்களில் வழக்கமாகப் பிற்பகல் 2 மணிக்குத்தான் திறப்பார்கள், ஞாயிறு காலையிலும் உண்டு. நேரம் அவ்வப்போது மாறுகிறது, முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. ஆக, காலையில் துறைமுக வாயில், மதியம் குர்சுரா, மாலையில் நினைவுச்சின்னம் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் முடியும்.

அடையாள அட்டை, குறிப்பேடு, ஒரு சிறிய திசைகாட்டி போதும். ட்ரோன் வேண்டவே வேண்டாம். இது கிழக்குக் கடற்படைக் கட்டளையின் தலைமையகம் இருக்கும் ஊர். கடற்படை மதில், படகுத்துறை, போர்க்கப்பல் எதையும் படம் எடுக்காதீர்கள். வரலாறு படிக்கிறேன் என்ற விளக்கம் காவல் நிலையத்தில் எடுபடாது.

படி 1: வாயிலைப் பாருங்கள்

பழைய நகரத்தில் ராஸ் ஹில் என்ற குன்று இருக்கிறது. மேலே மாதா கோயில். பக்கத்துக் குன்றுகளில் ஒரு தர்காவும் ஒரு வெங்கடேஸ்வரர் கோயிலும். மாதா கோயில் முற்றத்திலிருந்து தெற்கே பார்த்தால், எதிரே டால்பின் நோஸ் மலை கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த மலைக்கும் நீங்கள் நிற்கும் குன்றுக்கும் நடுவே ஓடும் ஒடுங்கிய நீர்வழிதான் உள்துறைமுகத்துக்கு ஒரே வாசல். 1933இல் துறைமுகம் திறந்த நாளிலிருந்து எல்லாக் கப்பலும் இதன் வழியாகத்தான் உள்ளே போய் வருகிறது.

இங்கே அரை மணி நேரம் நில்லுங்கள். ஒரு கப்பலாவது நுழைவதையோ வெளியேறுவதையோ பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். எவ்வளவு மெதுவாக நகர்கிறது, முன்னே வழிகாட்டும் பைலட் படகு எப்படி ஓடுகிறது, நடுவழியில் திரும்ப இடமிருக்கிறதா என்று கவனியுங்கள். இடமில்லை. விமானந்தாங்கிக் கப்பல் போன்ற பெரிய கப்பல் ஒன்று உள்ளே இருந்தால், அது எந்த நாளில் வெளியே வந்தாலும் எந்தப் புள்ளியில் வரும் என்பது எதிரிக்கு முன்பே தெரியும். நீர்மூழ்கி கடலெல்லாம் தேடி அலைய வேண்டாம், வாசலில் காத்திருந்தால் போதும். அல்லது வாசலின் குறுக்கே கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டு விலகிவிடலாம். காஸிக்குத் தரப்பட்ட வேலை இந்த இரண்டும்தான்: இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்தைத் தேடி மூழ்கடிப்பது, விசாகப்பட்டின வாயிலில் கண்ணிவெடி போடுவது.

ஓர் எச்சரிக்கை. இன்று வாயிலுக்கு வெளியே தெரியும் வெளித்துறைமுகமும் அதன் நீண்ட அலைத்தடுப்புகளும் போருக்குப் பின், 1970களில் கட்டி முடிக்கப்பட்டவை. 1971இன் வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பழைய நூலில் ‘அலைத்தடுப்பிலிருந்து இவ்வளவு தூரம்’ என்று இருந்தால், எந்த அலைத்தடுப்பு என்று கேட்ட பிறகே அளந்து பாருங்கள்.

தூரத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. கடல் மைல் என்பது 1.852 கி.மீ. நம் செய்தித்தாள்கள் அதைச் சாதாரண மைலாகவும் சில சமயம் கிலோமீட்டராகவும் மாற்றாமலேயே அச்சிட்டிருக்கின்றன. ஆழத்திலும் இதே கதை: ஒரு ஃபாதம் 1.83 மீட்டர், ஓர் அடி 0.305 மீட்டர். குறிப்பேட்டில் முதலில் மூலத்தில் உள்ள அலகை எழுதுங்கள், பக்கத்தில் மாற்றிய எண்ணை எழுதுங்கள். மாற்றியதை மட்டும் எழுதி வைத்தால் பிறகு சரிபார்க்க வழியிருக்காது.

படி 2: யார், எதற்காக, எங்கிருந்து

அடிப்படைத் தகவலை ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காஸி அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கப்பல் கட்டுந்தளத்தில் உருவான டென்ச் வகை நீர்மூழ்கி. பழைய பெயர் டயாப்லோ. 1944 டிசம்பரில் நீரில் இறங்கியது, 1945 மார்ச் 31இல் பணியில் சேர்ந்தது. முதல் போர்ப் பயணத்துக்குக் கிளம்பிய சில நாட்களில் ஜப்பானுடன் சண்டை நின்றுவிட்டதால், உலகப் போரில் அது எந்தக் கப்பலையும் தாக்கவில்லை. 1964 ஜூன் 1இல் பாகிஸ்தானுக்குக் கைமாறியது. நீளம் 95 மீட்டர். முன்பக்கம் ஆறு டார்பிடோக் குழாய்கள், பின்பக்கம் நான்கு. மேற்பரப்பில் நிதானமாக ஓட்டினால் 11,000 கடல் மைல் போகும்.

அந்தக் கடைசி எண்ணை அடிக்கோடிடுங்கள். பாகிஸ்தானிடம் இருந்த மற்றவை பிரெஞ்சு டாஃப்னே வகைச் சிறிய நீர்மூழ்கிகள். கராச்சியில் புறப்பட்டு, இலங்கையைச் சுற்றி, வங்காள விரிகுடாவில் நாட்கணக்கில் காத்திருந்துவிட்டு எரிபொருள் நிரப்பாமல் திரும்பக்கூடியது காஸி ஒன்றுதான். ஆகவே வங்கக் கடலில் பாகிஸ்தான் நீர்மூழ்கி இருக்கிறது என்று தெரிந்தாலே அது காஸிதான் என்று சொல்லிவிடலாம். இந்தியத் தரப்பும் அப்படித்தான் முடிவுக்கு வந்தது. நீர்மூழ்கிக்கும் கண்ணிவாரிக் கப்பலுக்கும் மட்டுமே பயன்படும் ஒருவகை மசகு எண்ணெயைப் பற்றி, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்காளதேசம்) சிட்டகாங்குக்குப் போன பாகிஸ்தான் செய்தி இடைமறிக்கப்பட்டதே தடயம் என்று கிழக்குக் கட்டளையின் தலைவராக இருந்த வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன் எழுதியிருக்கிறார். நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்தைக் காப்பாற்ற ஏமாற்று வேலையைத் திட்டமிட்டவரும் அவரே.

அந்த ஏமாற்று இப்படி நடந்தது. காஸி கராச்சியை விட்டுப் புறப்பட்டது நவம்பர் 14இல். ஏறத்தாழ அதே சமயத்தில் விக்ராந்த் அந்தமான் பக்கம் ஒதுக்கமான ஓரிடத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது. அதன் கொதிகலன்களில் ஒன்றில் விரிசல், வேகம் குறைவு, அதனால் நீர்மூழ்கியிடம் சிக்கினால் தப்புவது கடினம். விக்ராந்த் இன்னும் கரையோரமாகவே இருப்பதுபோல் காட்ட ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விசாகப்பட்டினத்துக்கு அப்பால் கடலில் நிறுத்தி, விமானந்தாங்கிக் கப்பல் அனுப்புவதைப் போலக் கனமான வானொலிச் செய்திப் போக்குவரத்தை உண்டாக்கினார்கள். துறைமுகத்தில் பெரிய கப்பற்படைக்கு வேண்டிய அளவு காய்கறி, இறைச்சி வாங்க ஆர்டர் கொடுத்தார்கள், சேதி எப்படியும் கசியும் என்று தெரிந்தே. கசிந்தது. விக்ராந்த் விசாகப்பட்டினத்தில் இருப்பதாகக் காஸி நம்பியதற்கு இதுவே காரணம் என்பது இந்தியத் தரப்பு.

படி 3: குர்சுராவுக்குள் போய்க் காஸியைப் புரிந்துகொள்ளுங்கள்

ராமகிருஷ்ணா கடற்கரையில் மணல்மேல் நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா, சோவியத் ஃபாக்ஸ்ட்ராட் வகை. 1969 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்து 2001இல் ஓய்வு பெற்றது, 2002 ஆகஸ்டிலிருந்து அருங்காட்சியகம். 1971 போரில் அது மேற்குக் கடலில் இருந்தது. காஸியை அது சந்திக்கவே இல்லை. சினிமாவில் வருவது போன்ற நீர்மூழ்கிக்கும் நீர்மூழ்கிக்கும் நடந்த சண்டையை எந்தத் தரப்பின் அறிக்கையும் சொல்லவில்லை. இதை முதலிலேயே மனத்திலிருந்து அழித்துவிட்டு ஏறுங்கள்.

பிறகு ஏன் ஏற வேண்டும்? இரண்டு கப்பலும் வேறு நாட்டில் பிறந்தாலும் அளவிலும் அடுக்கிலும் நெருக்கமானவை. குர்சுரா 91.3 மீட்டர், காஸி 95. இரண்டிலும் முன்னே ஆறு, பின்னே நான்கு என்று பத்துக் குழாய்கள். இரண்டிலும் முன் டார்பிடோ அறைக்கு அடுத்தாற்போல அதிகாரிகளின் இருப்பிடம், அதன் தரைக்குக் கீழே முன் பேட்டரி. வேறுபாடுகளும் உண்டு: குர்சுராவுக்கு மூன்று உந்துவிசிறிகள், காஸிக்கு இரண்டு.

திறந்தவுடன் முதல் கூட்டத்தில் போய்விடுங்கள். மாலையில் பின்னால் வருபவர்கள் தள்ளிக்கொண்டே இருப்பார்கள், எதையும் நின்று பார்க்க முடியாது. பெரிய பை உள்ளே உதவாது. தடுப்புச் சுவர்களில் உள்ள வட்ட வாயில்களில் முதலில் ஒரு காலை விட்டு, குனிந்து, பிறகு தலையை நுழைக்க வேண்டும். தலையை முதலில் விடுபவர்களுக்கு நெற்றியில் ஒன்று நிச்சயம். மூட்டு வலி உள்ளவர்களும் அடைபட்ட இடத்தில் மூச்சு முட்டுபவர்களும் வெளியிலிருந்தே பார்க்கலாம். வழிகாட்டிகளில் பலர் ஓய்வுபெற்ற கடற்படையினர். பொதுவான விளக்கம் முடிந்ததும் தனியாகக் கேட்டால் இன்னும் சொல்வார்கள்.

உள்ளே மூன்று இடங்களில் மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, முன் டார்பிடோ அறை. குழாய்களையும் அடுக்குத் தட்டுகளையும் பாருங்கள். கண்ணிவெடி போடும் நீர்மூழ்கி, டார்பிடோக்கள் இருக்க வேண்டிய இதே தட்டுகளில் கண்ணிவெடிகளை ஏற்றி, இதே குழாய்கள் வழியாகத்தான் வெளியே தள்ளும். பொதுவாக ஒரு டார்பிடோவின் இடத்தில் இரண்டு கண்ணிவெடிகள் அடங்கும். ஆள் படுக்கும் பலகையும் அங்கேயே. வெடிமருந்தும் மனிதர்களும் ஒரே அறையில்.

இரண்டாவது, அந்த அறையையும் அடுத்த அறையையும் பிரிக்கும் தடுப்புச் சுவர். இதன் முன் நின்று இரு பக்கமும் ஒருமுறை பாருங்கள். ஒரு பக்கம் வெடிமருந்து, மறுபக்கம் காலடியில் பேட்டரி. காஸி விவாதம் முழுவதும் இந்தச் சுவரின் எந்தப் பக்கம் முதலில் வெடித்தது என்பதுதான்.

மூன்றாவது, பேட்டரித் தளத்தின் மூடிகள். காஸி வகையில் 126 செல்கள் கொண்ட இரண்டு தொகுதிகள், மொத்தம் 252 செல்கள். ஈய-அமில பேட்டரி மின்னேற்றத்தின் கடைசிக் கட்டத்தில் ஹைட்ரஜனை விடும். காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினால் ஒரு பொறி போதும். அதனால் மின்னேற்றும்போது காற்றோட்டத்தை இடைவிடாமல் ஓட்டி, அளவை மானியில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எதிரி வாசலில் நிற்கும் நீர்மூழ்கி இரவில்தான் மேலே வந்து மின்னேற்ற முடியும். ஆபத்தைக் கண்டால் அவசரமாக மூழ்க வேண்டும். மூழ்கும்போது காற்றோட்டம் நின்று, வாயு உள்ளேயே தங்கினால் என்ன ஆகும் என்பதை அந்த மூடியின் முன் நின்று யோசித்தால் சட்டென்று விளங்கும்.

வெளியே வந்ததும் கடற்கரைச் சாலையிலேயே ‘விக்டரி அட் சீ’ போர் நினைவுச்சின்னம் இருக்கிறது, 1996இல் அமைக்கப்பட்டது. பத்து நிமிடம் போதும். டிசம்பர் 4 கடற்படை நாள் காஸிக்காக என்று அங்கே பலர் சொல்லக் கேட்பீர்கள். அது கராச்சித் துறைமுகத்தின்மேல் ஏவுகணைப் படகுகள் நடத்திய தாக்குதலின் நினைவு நாள். இரண்டும் அடுத்தடுத்து நடந்ததால் கலந்துவிட்டன.

படி 4: நேரத்தை ஒரே கடிகாரத்துக்கு மாற்றுங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப் போகும் படி இது. இந்தியத் தரப்பில் வெடிப்பு டிசம்பர் 4, 00:15 மணி. இந்திய நேரம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே, மேற்குப் பாகிஸ்தான் நேரம் ஐந்து மணி, கிழக்குப் பாகிஸ்தான் ஆறு. எனவே அதே கணம் கராச்சியில் டிசம்பர் 3 இரவு 23:45, டாக்காவில் டிசம்பர் 4 அதிகாலை 00:45, கிரீன்விச் நேரப்படி டிசம்பர் 3 மாலை 18:45. ஒரு நூல் 3ஆம் தேதி என்றும் இன்னொன்று 4ஆம் தேதி என்றும் எழுதினால் உடனே முரண்பாடு என்று முடிவு கட்டாதீர்கள். சிதைவிலிருந்து எடுத்த கடிகாரம் நின்றிருந்த நேரம் பற்றிப் பேசுபவர்களிடமும் முதல் கேள்வி இதுவே: கப்பலில் எந்த நேரம் வைத்திருந்தார்கள்?

குறிப்பேட்டில் நான்கு நெடுவரிசைகள் போதும்: மூலத்தில் உள்ள நேரம், எந்த நாட்டு நேரம், கிரீன்விச் நேரம், சொன்னவர் யார். இதில் அன்றிரவு துறைமுகத்திலிருந்து கிளம்பிய ராஜ்புத் வாயிலைக் கடந்தது, பைலட் இறங்கியது, நீரில் சலனம் கண்டு இரண்டு நீரடிக் குண்டுகள் (நீருக்குள் இறங்கி வெடிப்பவை) போட்டது, பெரிய வெடிப்பு ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். குண்டு போட்டதற்கும் பெரிய வெடிப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொரு மூலத்திலும் தேடுங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் நீரடிக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்தில் இறங்கும். கரையோர ஆழத்தில் அது அரை நிமிடத்துக்குள் வெடித்துவிடும். நிமிடக்கணக்கில் இடைவெளி சொல்லும் மூலம், அந்த நிமிடங்களில் நீருக்கடியில் என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

படி 5: விளக்கங்களைச் சோதியுங்கள்

இந்தியாவின் அதிகாரபூர்வ நிலை: ராஜ்புத்தின் குண்டுகள் காஸியை மூழ்கடித்தன. பாகிஸ்தானின் நிலை: தான் போட்ட கண்ணிவெடியில் தானே சிக்கியது. இந்தியக் கடற்படையினர் சிலரே முன்வைக்கும் மூன்றாவது: பேட்டரி ஹைட்ரஜன் வெடித்து முன் அறை வெடிமருந்தைக் கிளப்பியது. இவை கலந்தும் நடந்திருக்கலாம். குண்டுக்கு அஞ்சி அவசரமாக மூழ்கியபோது மற்றது நிகழ்ந்திருக்கலாம்.

புதியவர்கள் நம்பிப் பிடிக்கும் வாதம் ஒன்று உண்டு: தகடு வெளிப்பக்கம் வளைந்திருந்தால் வெடிப்பு உள்ளே நடந்தது, உட்பக்கம் வளைந்திருந்தால் வெளியே. கேட்க அழகாக இருக்கிறது, பாதிதான் சரி. வெளியே நடந்த சிறு வெடிப்பு உள்ளே இருந்த வெடிமருந்தைக் கிளப்பிவிட்டால், முதல் அடியின் தடத்தை இரண்டாவது அடி அழித்துவிடும். தகடு வெளிப்பக்கமே வளைந்திருக்கும். முன்பகுதி சிதைந்தது என்ற தகவலை வைத்து மூன்று கட்சியும் தன் பக்கம் பேச முடிவதற்குக் காரணம் இதுதான். எங்களைக் கேட்டால், இரண்டு குண்டுகள் மட்டும் போட்டுவிட்டு, விளைவைப் பார்க்காமல் ராஜ்புத் தன் வழியில் போய்விட்டது என்பதுதான் முதல் விளக்கத்தின் பலவீனமான இடம். காஸி கண்ணிவெடி எதையாவது போட்டிருந்ததா என்பதற்கு மறுக்க முடியாத சான்று காட்டப்படாததே இரண்டாவதன் பலவீனம்.

சிதைவை மேலே தூக்க அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முன்வந்ததாகவும் இந்தியா மறுத்ததாகவும் பல நூல்களில் வருகிறது. அது இன்னும் கடலடியில்தான் கிடக்கிறது. அது ஒரு கல்லறை. மீனவரிடம் படகு பேசி ‘அந்த இடத்துக்கு’ போகலாம் என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள்.

படி 6: ஊர்க்காரர்களிடம் கேட்பது

1971இல் பதினைந்து வயதானவர் 1956இல் பிறந்திருப்பார். மீனவர் குடியிருப்புகளில் அப்படிப்பட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள், தெலுங்கு தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். ‘காஸி வெடித்த சத்தம் கேட்டதா?’ என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். ‘விளக்கணைப்பு இரவுகளில் வீட்டில் என்ன செய்தீர்கள்?’ என்று தொடங்குங்கள். சத்தம், அதிர்ந்த ஜன்னல், கரையில் ஒதுங்கிய பொருட்கள் தாமாக வந்தால் அதற்கு மதிப்பு அதிகம். சினிமா பார்த்தீர்களா என்பதைக் கடைசியில் கேட்டு, பதிலையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: காகிதம்

சென்னையில் இருப்பவர்களுக்கு இது எளிது. மூழ்கிய செய்தியை இந்தியா வெளியிட்டது டிசம்பர் 9இல். எனவே 1971 டிசம்பர் 4, 5 இதழ்களைப் புரட்டி ஏமாறாமல், 10ஆம் தேதி இதழில் தொடங்குங்கள். அதே 9ஆம் தேதி இரவு ஐ.என்.எஸ். குக்ரி அரபிக் கடலில் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டதால், அடுத்த நாட்களின் பக்கங்களில் இரண்டு செய்தியும் அருகருகே வந்து குழப்பலாம். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்த் தொகுப்புகளையும், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தமிழ் இதழ்களையும் கேட்கலாம். டயாப்லோ காலத்துப் பதிவுகளுக்கு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம். இந்தியத் தரப்புக்குக் கிருஷ்ணனின் நினைவுக் குறிப்புகளும் கடற்படையின் அதிகாரபூர்வ வரலாறும். இரண்டையும் சேர்த்தே படியுங்கள், பின்னது முன்னதிலிருந்து எடுத்துக்கொண்ட இடங்கள் உண்டு. ஒரே சாட்சியை இரண்டாக எண்ணிவிடக் கூடாது.

இவ்வளவும் பழகிய பிறகு, அதே கடலில் கிடக்கும் இன்னொரு நீர்மூழ்கியில் கை வைத்துப் பாருங்கள். ஜப்பானின் ஆர்.ஓ.-110. 1944 பிப்ரவரி 11இல், கொழும்பிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் தொடரில் ஆஸ்ஃபேலியன் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை டார்பிடோவால் அடித்தது. காவலுக்கு வந்த ஜம்னா என்ற இந்தியக் கப்பலும் லான்செஸ்டன், இப்ஸ்விச் என்ற இரண்டு ஆஸ்திரேலியக் கப்பல்களும் அதை விசாகப்பட்டினத்துக்கு அப்பால் மூழ்கடித்தன. இங்கே மூன்று கப்பல்களின் பதிவுகள் ஒன்றையொன்று சரிபார்க்கக் கிடைக்கின்றன, யார் மூழ்கடித்தார்கள் என்ற வழக்கும் இல்லை. நேரப் பட்டியலை இதற்கு முதலில் போட்டுப் பழகிவிட்டுக் காஸிக்குத் திரும்பினால், எந்த இடத்தில் சான்று அறுந்துபோகிறது என்பது பட்டியலிலேயே தெரியும்.